அடுத்த ஸ்டாப் வரைக்கும்

டிரைவர் சீட்டுக்கு மேலே உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்டக் கண்ணாடி மாட்டியிருக்கும். பஸ்ஸின் உள்பக்கத்தை டிரைவர் பார்த்துக்கொள்வதற்காக வைத்தது. பின்னால் நிற்கிற கண்டக்டருக்கு அதில் டிரைவரின் கண்கள் மட்டும் தெரியும். பதினொரு வருடம் நான் அந்தக் கண்களைப் பார்த்துத்தான் வேலை செய்தேன். அவை சுருங்கினால் முன்னால் செக்கிங் ஜீப் நிற்கிறது என்று அர்த்தம். அகலமாக விரிந்தால் யாரோ படியில் தொங்குகிறார்கள். பாதி மூடிச் சிரித்தால், பின்சீட்டில் சில்லறைக்காக என்னோடு சண்டை போடும் கிழவரின் பேச்சை அவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு வார்த்தை பேசாமல் திருப்பதியிலிருந்து நகரி வரைக்கும் எங்களால் பேசிக்கொண்டே போக முடியும்.

அவரை எல்லோரும் டிரைவரண்ணன் என்றே கூப்பிடுவோம். போன மாதம் டிப்போவில் அவருக்குப் பணிநிறைவு விழா நடந்தது. சால்வை, மாலை, ஒரு சுவர்க்கடிகாரம். விபத்தே இல்லாமல் ஓட்டியவர் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். என்னையும் பேசச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தெலுங்கில் இரண்டு வாக்கியம், தமிழில் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். அன்றைக்குச் சொல்ல முடியாததைத்தான் இப்போது எழுதுகிறேன்.

அந்தக் கண்களில் ஏதோ சரியில்லை என்பதை முதலில் ஒரு ரயில்வே கேட்டில் பார்த்தேன். ரேணிகுண்டா தாண்டி கேட் போட்டிருந்தது. கூட்ஸ் வண்டி போய் கேட் திறந்தாயிற்று. எங்கள் பஸ் நகரவில்லை. பின்னால் நிற்கிற லாரிகள் ஹாரன் அடிக்கின்றன. கண்ணாடியில் பார்த்தேன். கண் திறந்துதான் இருந்தது, ஆனால் அதில் ஆள் இல்லை. ஓடிப்போய்த் தோளைத் தொட்டேன். திடுக்கிட்டு விழித்து, "ஒண்ணுமில்ல தம்பி, வெயிலு" என்று கியரைப் போட்டார். அடுத்த வாரம் இன்னொரு முறை. அதற்கப்புறம், வண்டி போய்க்கொண்டிருக்கும்போதே ஒரு முறை. ஒரு நொடிதான். அவர் தலை லேசாகச் சாய்ந்து நிமிர்ந்தது. பயணிகள் யாரும் கவனிக்கவில்லை. நான் அன்று இரண்டு பேருக்கு டிக்கெட் கொடுக்க மறந்தேன்.

எத்தனையோ தடவை கெஞ்சினேன், ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று. போக மாட்டேன் என்றார். காரணம் எனக்குத் தெரியும்: டாக்டர் ஏதாவது எழுதிக் கொடுத்தால் ஸ்டியரிங்கை விட வேண்டிவரும். அவருடைய அப்பா கரும்பு வெட்டும் கூலி. வெட்டியது எங்கள் மாதிரிக் குடும்பங்களின் நிலத்தில். அவர்கள் தெருவில் அரசாங்க வேலைக்குப் போன முதல் ஆள் இவர்தான். அவர் ஊர் மாந்தோப்பு ஸ்டாப்பில் பஸ் நிற்கும்போதெல்லாம் யாராவது ஒரு பெண், "நம்ம வண்டி வந்துருச்சுடி" என்று மற்றவளைக் கூப்பிடுவாள். அந்த ஸ்டியரிங் அவருக்கு வெறும் வேலை இல்லை.

ஒரு நாள் மத்தியானம் புத்தூர் பஸ் ஸ்டாண்டில் வண்டி நிரம்பிப் புறப்படத் தயாராக நின்றது. டிரைவரண்ணன் ஏறும்போது கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். சட்டை முழுக்க வேர்வை. சீட்டில் உட்கார்ந்து எஞ்சினைப் போட்டார். விசில் என் வாயில் இருந்தது. நான் ஊதவில்லை.

"இன்னா தம்பி, ரைட் குடு."

"இல்லண்ணா. எறங்குங்க."

"டைமாவுதுப்பா."

"எறங்குங்கண்ணா. நான் பஸ் ஸ்டாண்டு கண்ட்ரோலர்ட்ட சொல்லப் போறேன்."

அவர் திரும்பி என்னை நேராகப் பார்த்தார். கண்ணாடி வழியாக இல்லாமல் அவர் என்னை அப்படிப் பார்த்தது அபூர்வம். எஞ்சினை அணைத்தார். இறங்கி என்னைக் கடந்து போகும்போது, யாருக்கும் கேட்காத குரலில், "என் சோத்துல மண்ண போட்டுட்டியே தம்பி" என்றார்.

அன்றே கண்ட்ரோலர் ஆளனுப்பித் திருப்பதி ஆஸ்பத்திரியில் அவரைச் சேர்த்தபோது இதயம் நிமிஷத்துக்கு முப்பத்திரண்டு முறைதான் துடித்ததாம். மறுநாளே பேஸ்மேக்கர் வைத்துவிட்டார்கள். இடது பக்கம், கழுத்தெலும்புக்குக் கீழே தோலுக்கு அடியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவி. அதிலிருந்து இதயத்துக்குள் போகும் மெல்லிய கம்பி. பார்க்கப் போனேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆரஞ்சுப் பழங்களை ஸ்டூல்மேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அதன் பிறகு நாலு மாதம் அவரைப் பார்க்கவில்லை. வேறொருவர் எங்கள் பஸ்ஸை ஓட்டினார். கண்ணாடியில் தெரிந்த கண்களோடு எனக்குப் பேச வரவில்லை.

ஒரு நாள் காலை மாந்தோப்பு ஸ்டாப்பில் அவர் மனைவி நின்றிருந்தார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். பஸ்ஸில் வந்துபோகும்போது பார்த்த பழக்கம். அன்று அவர் ஏறவில்லை. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, ஒரு தரம் ஊட்டுக்கு வந்து பாத்துட்டுப் போங்க. கட்டில உட்டு எறங்க மாட்றாரு. எனக்கு பயமா கீது."

மறுநாள் எனக்கு ஓய்வு நாள். போனேன். இதை எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது: பதினொரு வருடம் ஒரே டிபன் டப்பாவில் பங்கு போட்டுத் தின்றவர்கள் நாங்கள். அவர் வீட்டு வாசலை அதுவரை நான் மிதித்ததில்லை. அவர் கூப்பிட்டதில்லை, நானும் கேட்டதில்லை. ஏன் என்பது இருவருக்கும் தெரியும். அதைப் பற்றி மட்டும் எங்கள் கண்கள் பேசிக்கொண்டதே இல்லை.

நீலச் சுண்ணாம்பு அடித்த ஒற்றை அறை. கட்டிலில் கிடந்தார். இடது கையை மடக்கி, ஒரு துண்டால் நெஞ்சோடு சேர்த்து அவராகவே கட்டியிருந்தார். உடம்பு பாதியாகியிருந்தது. இந்தத் தடவை சுவர்ப்பக்கம் திரும்பவில்லை, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணி வாசல்படியில் உட்கார்ந்து கொட்டித் தீர்த்துவிட்டார். "ஒன்னரை மாசம் கைய தோளுக்கு மேல தூக்காதீங்க, வெயிட்டு தூக்காதீங்க, அப்பறம் தெனமும் நடங்க, எல்லாம் செய்யலாம்னு டாக்டரு சொன்னாரு. நாலு மாசம் ஆவுது. சட்டை போட நான் வேணும், தலைக்கு ஊத்த நான் வேணும். இப்ப தோளு மரக்கட்டையாட்டம் கீது. எங்கண்ணன் வந்து, எலும்புக்குக் கட்டு கட்றவங்ககிட்ட கூட்டிக்கினு போலாமான்றாரு."

"உனுக்கு இன்னா தெரியும்" என்றார் டிரைவரண்ணன், கூரையைப் பார்த்தபடி. "உள்ள கம்பி கீது. இழுத்துக்கினு வந்துட்டா யாரு ஜவாப்பு?"

அண்ணி எழுந்தார். கொஞ்சம் தயங்கி, "மோரு குடிப்பீங்களா தம்பி?" என்று கேட்டார். அப்போதுதான் டிரைவரண்ணன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் குடிக்கிறேனா என்று பார்த்தார். குடித்தேன். இன்னொரு டம்ளர் கேட்டேன். இரண்டாவது டம்ளர் தாகத்துக்கா வெட்கத்துக்கா என்று எனக்கே தெரியவில்லை.

டம்ளரைக் கீழே வைத்ததும் அவர் கேட்டார்: "புதுசா வந்தவன் ரெண்டாவது கியர எப்பிடிப் போடறான்?"

"அழுத்திப் போடறாருண்ணா. கத்துது."

"கத்தும். அதுங்கிட்ட நைசா போவணும்."

நாலு மாதம் கழித்து என்னிடம் அவர் பேசியது இதுதான். அது போதுமாக இருந்தது. "வாங்கண்ணா, ஸ்டாப் வரைக்கும் போய் வண்டி வருதான்னு பாத்துட்டு வரலாம்" என்றேன். எதற்கு என்று கேட்டார். சும்மாதான் என்றேன். ரொம்ப நேரம் கழித்துக் காலைக் கீழே ஊன்றினார்.

அவர் வீட்டிலிருந்து மெயின் ரோடு ஒரு பர்லாங்கு இருக்கும். அதை நடக்க அரை மணி நேரம் பிடித்தது. தெருவே வாசலுக்கு வந்து நின்று பார்த்தது. அவர் தலை நிமிரவில்லை. நெஞ்சைக் கையால் பொத்திக்கொண்டு, தண்ணீர்க் குடம் தளும்பிவிடக் கூடாது என்பதுபோல் பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து வந்தார். ஸ்டாப் வந்ததும் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து, "நாளைக்கும் வருவியா?" என்றார். நாளைக்கு டியூட்டி, நாளை மறுநாள் வருகிறேன் என்றேன்.

அப்படித்தான் ஆரம்பித்தது. ஓய்வு நாளில் விடிந்ததும் போய்விடுவேன். என் டியூட்டி நாளில் அண்ணி அவரோடு நடப்பார். பஸ்காரர்களுக்குத் தூரம் என்றால் ஸ்டாப்தான். மாந்தோப்புக்கு அடுத்தது கல்லுப்பாலம், அப்புறம் ரைஸ் மில், ஹைஸ்கூல், ஏரிக்கரை, கடைசியில் புத்தூர் பஸ் ஸ்டாண்டு. "இன்னிக்குக் கல்லுப்பாலம்" என்பார் புறப்படும்போது. இருபத்தைந்து வருடம் அந்த ரோட்டில் ஓட்டியவருக்கு, காலால் நடக்கும்போது அது புது ரோடாகத் தெரிந்தது. "இங்க ஒரு கோயிலு கீதா!" என்று ஒரு நாள் வேப்ப மரத்தடியில் நின்றுவிட்டார். உட்கார்ந்து ஓட்டும்போது இடது பக்கம் பார்க்க நேரமே இருந்ததில்லை என்றார். துண்டை அவிழ்த்துவிட்டார், ஆனால் கை மட்டும் நெஞ்சைவிட்டு இறங்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. எனக்கும் பயம்தான்.

ரைஸ் மில் தாண்டி ரோடு கொஞ்சம் மேடேறும். ஒரு நாள் அந்த மேட்டில் பாதி ஏறும்போது அவர் நின்றார். வாய் திறந்து மூச்சு வாங்கியது. முகம் சாம்பல் நிறமாகிவிட்டது. ரோட்டோரம் மைல்கல் மீது உட்கார்ந்தார். "பொட்டி நின்னு போச்சு தம்பி" என்றார். பேஸ்மேக்கரைத்தான் அவர் பொட்டி என்பார். பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டதும் நான். கட்டிலில் கிடந்தவரைக் கிளப்பி இந்த மேட்டுக்குக் கொண்டுவந்ததும் நான். அண்ணி முகத்தில் எப்படி விழிப்பேன் என்றுதான் அந்த நேரத்திலும் நினைத்தேன். ஐந்து நிமிடம் உட்கார்ந்ததும் முகத்தில் ரத்தம் வந்தது. ஆனாலும் ஓர் ஆட்டோவை நிறுத்தி, புத்தூரில் கார் பிடித்து நேராகத் திருப்பதிக்குக் கொண்டுபோனேன். வழி முழுக்க அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

டாக்டர் பார்த்துவிட்டு, பேஸ்மேக்கரைச் சோதிக்கும் அறைக்கு அனுப்பினார். அங்கே ஒரு டெக்னீஷியன் பெண் இருந்தாள். முப்பது வயது இருக்கும். சத்தியவேடு பக்கத்துப் பேச்சு. சோப்புக்கட்டி மாதிரி ஒன்றை அவர் நெஞ்சின் மேல் வைத்து எதிரே இருந்த திரையில் கோடுகளைப் பார்த்தாள். கருவி நன்றாக ஓடுகிறது, பேட்டரி நன்றாக இருக்கிறது, கம்பி வைத்த இடத்தில் அப்படியே இருக்கிறது என்றாள். டிரைவரண்ணன் நம்பவில்லை.

"அப்பறம் ஏம்மா மேட்டுல மூச்சு நின்னுது?"

"எப்பிடி நடந்தீங்க சார்? காரிடார்ல கொஞ்சம் நடந்து காட்டுங்க."

நடந்து காட்டினார். இடது கை நெஞ்சில், பாதம் தரையைத் தேய்க்க, தோள் அசையாமல். அந்தக் கோடிவரை போய்த் திரும்பி வந்தார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். கிண்டல் இல்லை அது.

"சார், உங்க ஹார்ட்டு தானா வேகமெடுக்காது. நீங்க நடக்கறீங்க, மேடு ஏறுறீங்கன்னு தெரிஞ்சாத்தான் இந்த மெஷினு வேகத்தக் கூட்டும். உங்க ஒடம்பு ஆடறத வெச்சுத்தான் அதுக்குத் தெரியும். நீங்க இப்பிடி கையக் கட்டிக்கினு, ஒடம்ப ஆட்டாம நடந்தா, நீங்க உக்காந்துக்கினு இருக்கீங்கன்னு அது நெனச்சுக்கும்."

டிரைவரண்ணன் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். "அது என்னப் பாத்துக்கினே கீதா?"

"ஆமா சார். நீங்கதான் அதுக்குக் காட்டாம மறைச்சிக்கினு இருந்தீங்க."

அவள் கருவியின் அமைப்பைக் கொஞ்சம் மாற்றினாள். பிறகு வெளியே வந்து அவர் பக்கத்தில் நின்று, "கைய வீசி நடங்க. கம்பி அங்கேயே ஒட்டிக்கினு இருக்கு, வராது. நான் சொல்றேன்" என்றாள். அவர் கையை நெஞ்சிலிருந்து எடுத்தார். அது எங்கே போவதென்று தெரியாமல் காற்றில் நின்றது. பிறகு மெதுவாகக் கீழே தொங்கியது. அந்தக் காரிடாரில், ஸ்ட்ரெச்சர்களுக்கும் உறவினர்களுக்கும் நடுவே, அவர் இரண்டு கைகளையும் வீசி நடந்தார். மூன்றாவது முறை திரும்பி வரும்போது அவர் முகத்தில் ஒரு நிறம் ஏறியிருந்தது. "சூடா கீது தம்பி ஒடம்பு" என்றார், ஆச்சரியமாக.

திரும்பும்போது பஸ்ஸில் வந்தோம். ரேணிகுண்டா தாண்டி அதே ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோது அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அன்னிக்கு நீ விசிலு ஊதியிருந்தா நான் வண்டிய எடுத்திருப்பேன்."

"தெரியும்ணா."

"வண்டி நெறைய ஜனம். முன் சீட்டுல ஒரு பொண்ணு கைக்கொழந்தையோட ஒக்காந்திருந்தா. ஆஸ்பத்திரில படுத்துக்கினு அந்தக் கொழந்தையத்தான் நெனச்சிக்கினு இருந்தேன். உன் மூஞ்சியப் பாக்க முடியல. கோவம்னு நெனச்சிட்டியா?"

கேட் திறந்தது. நாலு மாதமும் அவர் என்மேல் கோபமாக இருக்கிறார் என்று நினைத்து நான் போகாமல் இருந்தேன். தன் மேலேயே பயமாகி அவர் கட்டிலில் கிடந்திருக்கிறார்.

அதற்கப்புறம் அவர் நடந்ததைப் பார்க்க வேண்டுமே. போலீஸ் பரேடு மாதிரி கையை வீசுவார். டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள், "ஏமண்ணா, சைன்யமா?" என்று தெலுங்கில் கேட்பார்கள். "பொட்டிக்குக் காட்டணும்பா" என்று பதில் சொல்லிக்கொண்டே போவார். தோளுக்கு ஆஸ்பத்திரியில் ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சுவரைப் பார்த்து நின்று, விரல்களைச் சுவரில் பூச்சி ஊர்வதுபோல் மேலே மேலே ஏற்ற வேண்டும். முதல் வாரம் நெஞ்சுயரத்தில் நின்றது. வலியில் கண்ணில் தண்ணீர் வரும். அண்ணி பக்கத்தில் நின்று, "இன்னும் ஒரு வெரலு" என்பார். அந்த நீலச் சுவரில் எண்ணெய் விரல்களின் தடம் ஒரு பாதைபோல மேலேறியது. ஒரு நாள் நான் போனபோது அவர் தானாகச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். அண்ணி உள்ளே முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மழைக்காலம் முடியும் சமயத்தில் மெடிக்கல் போர்டு அவரைக் கூப்பிட்டுப் பார்த்தது. பெரிய வண்டி ஓட்ட அனுமதி இல்லை என்று எழுதிவிட்டார்கள். டிப்போ கேட்டில் வண்டிகள் போவதையும் வருவதையும் குறிக்கும் வேலை கொடுத்தார்கள். செய்தி கேட்டதும் மறுபடி கட்டிலில் படுத்துவிடுவார் என்று பயந்தேன். மறுநாள் விடியற்காலை போனபோது செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். கண் சிவந்திருந்தது.

"இன்னிக்கு புத்தூரு" என்றார்.

அதுவரை ஏரிக்கரைதான் எங்கள் எல்லை. புத்தூர் என்றால் ஏழு கிலோமீட்டருக்குக் குறையாது. மெதுவாகப் போகலாம், முடியாவிட்டால் பஸ் ஏறிவிடலாம் என்று சம்மதித்தேன். கல்லுப்பாலம், ரைஸ் மில், அந்த மேடு. மேட்டில் அவர் வேகத்தைக் குறைத்தார், நிற்கவில்லை. ஹைஸ்கூல் வாசலில் தண்ணீர் குடித்தோம். ஏரிக்கரையில் போகும்போது பின்னாலிருந்து எங்கள் பஸ் வந்தது. நாங்கள் கை காட்டாமலே புது டிரைவர் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, "ஏறுங்கண்ணா, புத்தூருக்குத்தானே" என்றார். உள்ளே இருந்த தெரிந்த முகங்கள் எல்லாம் ஜன்னலில் எட்டிப்பார்த்தன. டிரைவரண்ணன் பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரத்தில் உள்ளங்கையை வைத்தார், மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோல். எஞ்சின் அதிர்வு கையில் ஏறியிருக்கும். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு, "நீ போப்பா. டைமாவுது. நாங்க வர்றோம்" என்றார்.

பஸ் போய்விட்டது. அது திருப்பத்தில் மறையும்வரை அவர் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. கையை வீசி நடக்க ஆரம்பித்துவிட்டார். நான்தான் ஓடிப்போய்ச் சேர வேண்டியிருந்தது.

புத்தூர் பஸ் ஸ்டாண்டில் இட்லி சாப்பிட்டோம். வலது பக்கப் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து, ஆஸ்பத்திரியில் சொன்னபடி வலது காதில் வைத்து, அண்ணியைக் கூப்பிட்டார். "புத்தூரு வந்துட்டேன்" என்றார். எந்த பஸ்ஸில் என்று அண்ணி கேட்டிருக்க வேண்டும். "பஸ்ஸு இல்ல. நானே வந்தேன்." அண்ணி நம்பவில்லை போலிருக்கிறது. போனைத் தூக்கிப் பிடித்து, "நகரி, நகரி" என்று கண்டக்டர்கள் கத்தும் சத்தத்தை அவருக்குக் கேட்கவிட்டார். பிறகு அண்ணி பேசியது எனக்கே கேட்டது: "போனது போதும். திரும்பி வரும்போதாவது பஸ்ஸுல வாங்க."

பஸ்ஸில்தான் வந்தோம். மூன்று பேர் உட்காரும் சீட்டில் அவர் ஜன்னலோரம், பக்கத்தில் நான். டிரைவர்கள் பஸ்ஸில் பயணியாக வந்தாலும் தூங்க மாட்டார்கள். கால் தானாக பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும். அன்று ஏரிக்கரை வருவதற்குள் அவர் தூங்கிவிட்டார். தலை என் தோளில் சாய்ந்தது. இடது கை நழுவி என் தொடைமேல் விழுந்து, விரல்கள் விரிந்து, குழந்தையின் கைபோலக் கிடந்தது. மாந்தோப்பு வந்தது. எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. அடுத்த ஸ்டாப்பில் இறங்கி இரண்டு பேரும் திரும்பி நடந்துகொள்ளலாம் என்று, வண்டியை எடுக்கச் சொல்லி டிரைவருக்குக் கை காட்டினேன்.